புல்லில் கட்டிய பிள்ளை

மோர்டன், லண்டன்
2 மார்ச் 2025

கம்சி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலம் என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்று எழுதினால் நித்திரை வராது. அதனால் அந்தப் பேச்சை இருவரும் விட்டுவிடுவோம்.

இந்தக் காலத்தில் போய்க் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். போனில் கதைத்துப் பார்த்தோம்தானே. அந்த ஊரில் சிக்னல் பிடிக்க நீங்கள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏற வேண்டும். அங்கே ஒரே காற்று. "என்ன? கேக்கேல்லை!" என்று நீங்கள் கத்த, பதிலுக்கு நான் கத்த, கடைசியில் இருவரும் அழுகிற சத்தம் மட்டும்தான் துப்புரவாகக் கேட்கிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் போனை வைக்க முடியாது.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எங்கள் மூத்த பிள்ளை சுஜி போன செப்டெம்பரில் அந்த டுவார் வாவியில் படகு கவிழ்ந்து செத்துப்போனான். பாருங்கள், எழுதிவிட்டேன். நீங்கள் ஆறு மாதமாக "காணேல்லை, காணேல்லை" என்று சொல்லிக்கொண்டு ஸ்கொட்லாந்தின் வடக்கு மூலையில் ஒரு தண்ணீருக்குக் காவல் இருக்கிறீர்கள். பொலிஸ் தேடி முடித்துவிட்டது. சுழியோடிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வயோதிபரைப் பராமரிக்கிற கெயார் ஹோமில் ஷிப்ட் முடிந்ததும் நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனேன். மோர்டனிலிருந்து ஆர்ச்வே வரை யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்தேன். ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவில்லை. "உடல் கிடைக்காட்டிலும் வழி இருக்கு அம்மா. தர்ப்பைப் புல்லாலை ஒரு உருவம் கட்டி, பிள்ளைக்குச் செய்யிற கிரியை எல்லாம் அதுக்குச் செய்து தகனம் பண்ணலாம். கலியாணம் ஆகாத பிள்ளை எண்டபடியால் தகப்பன்தான் கொள்ளி வைக்கவேணும். அவர் எங்கை?" என்று கேட்டார்.

வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று முருகனுக்கு முன்னால் நின்று பொய் சொன்னேன்.

நான் பெற்றவள். பத்து மாதம் சுமந்தவள். ஆனால் என் கையால் கொள்ளி வைக்க ஏலாதாம். அதற்கு நீங்கள் வேண்டும். அதற்காக மட்டுமாவது வாருங்கள். பிறகு வேண்டுமென்றால் திரும்பிப் போய் அந்தத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

கம்சி நேற்றுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "அப்பா வாறாரா இல்லையா? ஜஸ்ட் டெல் மீ, அம்மா" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு.

கலா


கின்டுவார், ஸ்கொட்லாந்து
11 மார்ச் 2025

அன்புள்ள கலாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் என் கண்ணில் பட்டது முதல் வரிதான். நீர் என்னைக் "கம்சி அப்பா" என்று எழுதியிருக்கிறீர். அவன் பிறந்த நாளிலிருந்து நான் சுஜி அப்பா. நீர் மட்டுமல்ல, மோர்டன் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிடும். மூத்த பிள்ளையின் பெயரை என் தலையிலிருந்து கழற்றி எடுக்க உமக்கு எப்படி மனம் வந்தது?

கோபத்தில் எழுதவில்லை. கேட்கத்தான் வேண்டும் என்று தோன்றியது.

நான் இங்கே சும்மா இல்லை. டயனாவின் விருந்தினர் விடுதியில் கட்டில் விரிப்பு மாற்றுகிறேன், விறகு அடுக்குகிறேன், பதிலுக்குப் பின்னறையில் இடம் தந்திருக்கிறா. அவவின் புருஷன் யூவன், சுஜியைத் தேடிப் பொலிஸ் போன பிறகும் பனி கொட்டும்வரை தன் படகில் நாளாந்தம் போனவர். சண்டை பிடித்துத்தான் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்க முடியும். அப்படி ஒரு மனிதர்.

இனி முக்கியமான விஷயம். சுஜி எதற்காக இங்கே வந்தான் என்று உமக்குத் தெரியும். இந்த வாவியைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்று ஆட்கள் முயற்சி எடுத்தபோது, இதில் முக்குளிக்கிற கறுப்புக் கழுத்துப் பறவைகளை எண்ணிக் கொடுக்க வந்தான். அவனுக்குப் பிறகு அந்தத் திட்டம் படுத்துவிட்டது. இப்போது அது எழும்பியிருக்கிறது. ஏப்ரலில் ஊர்மண்டபத்தில் கூட்டம். திட்ட அலுவலகத்துப் பெண் என்னிடம் சொன்னா: கூட்டம் சரியாக நடந்து, வாவி அடுத்த கட்டத்துக்குப் போனால், அதன் அடி முழுவதையும் ஒலிக்கருவியால் அளந்து படம் எடுப்பார்களாம். ஒரு கல் கிடந்தாலும் தெரியுமாம். பொலிசின் கருவி பார்த்தது கரையோரம் மட்டும்தான், கலா. நடுவில் ஒரு மலையே மூழ்கும் ஆழம். அங்கே இதுவரை யாரும் பார்க்கவில்லை.

நீர் கேட்டதற்கு என் பதில் இதுதான். புல்லைக் கொளுத்திவிட்டு நான் அங்கே இருக்க, நாளைக்கு இங்கே அவனை எடுத்தார்கள் என்று வையும். அப்போது எதற்குக் கொள்ளி வைப்பது? ஒரு பிள்ளைக்கு இரண்டு கொள்ளி வைத்த தகப்பன் உலகத்தில் உண்டா? கொஞ்சம் பொறும். கூட்டம் முடியட்டும்.

கம்சியிடம் அப்பா கட்டாயம் வருவார் என்று சொல்லும்.

பாலேந்திரா


மோர்டன்
24 மார்ச் 2025

கம்சி அப்பாவுக்கு,

ஓம், திரும்பவும் அப்படித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு உயிரோடு இருக்கிற பிள்ளை ஒன்று உண்டு என்பதை யாராவது ஞாபகப்படுத்த வேண்டாமா? கம்சி யூனிவர்சிற்றிக்குப் போகாமல் மூன்று கிழமையாக அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள். அதைப் போன கடிதத்தில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோனது, மற்றதையாவது காப்பாற்றத் தெரியவில்லையா என்று யாரும் கேட்டால் என்ன சொல்வேன்?

பூங்காவாம் பூங்கா. அந்தப் பூங்காதான் அவனைக் கூப்பிட்டுக் கொன்றது. இப்போது உங்களையும் கூப்பிடுகிறது. அந்த அலுவலகத்துப் பெண் ஒரு வார்த்தை சொன்னாவாம், அதை இவர் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறாராம். "போனால்" என்றுதானே சொன்னா? போகாவிட்டால்? படம் எடுத்து ஒன்றும் தெரியாவிட்டால்? அதற்குப் பிறகு வேறு யாரோ வேறு ஏதோ கருவி கொண்டு வருவான், அதற்கும் இருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

என்னோடு வேலை செய்கிற மெற்றில்டா தங்கள் தேவாலயத்தில் சுஜிக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தா. நானும் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். சுவாமியார் அவன் பெயரைச் சொன்னார். உடல் எங்கே என்று கேட்கவில்லை, தகப்பன் எங்கே என்றும் கேட்கவில்லை. பேசாமல் அவர்களுடைய கிறிஸ்தவ வேதத்துக்கே மாறிவிடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்கு வந்து முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

லண்டன் எட்மண்டனில் இருக்கிற என் தம்பி ஷங்கர், தன் வீட்டுப் பின்வளவில் தகனத்தைச் செய்யலாம் என்கிறான். நெருப்பு மூட்டலாமா என்று கவுன்சிலிடம் கேட்டிருக்கிறான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடமும் சொன்னானாம். அவர் பாபர்கியூ என்று நினைத்து, தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறார். ஷங்கர் சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான், பிறகு போனில் அவனால் கதைக்க முடியவில்லை. எல்லாரும் ஆயத்தம். உங்களைத் தவிர.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் பேசப் போகிறீர்கள் என்றால் பேசுங்கள். வாய் உங்களுக்கு மட்டும் இல்லை.

கலா


கின்டுவார்
14 ஏப்ரல் 2025

கலா,

இன்றைக்கு வருஷப்பிறப்பு. அதற்காக எழுதவில்லை.

கூட்டத்தில் நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். நீர் அந்தப் பக்கத்தில் இருந்து என்ன பார்த்தீர் என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே இருந்தேன் என்பதாவது உமக்குத் தெரியட்டும்.

மண்டபம் நிறைந்திருந்தது. டயனாவும் யூவனும் மற்றக் குடும்பங்களும் ஒரு பக்கம். அவர்களுக்குப் பூங்கா வேண்டாம். ஆடு மேய்க்கிற நிலத்துக்குக் கட்டுப்பாடு வரும், வீடுகளை விடுமுறைக்காரர் வாங்கிவிடுவார்கள் என்று பயம். டயனாவின் ஜன்னலிலேயே "பூங்கா வேண்டாம்" என்று அட்டை தொங்குகிறது. என் பிள்ளையைத் தேடிய அந்த ஆட்களுக்கு முன்னால் எழும்பி, பூங்கா வேண்டும் என்று நான் பேசினேன். என் மகன் இந்தப் பறவைகளுக்காக வந்தான், அவன் தொடங்கியதை முடியுங்கள், வாவியின் அடியைப் பாருங்கள் என்று சொன்னேன். ஒருவரும் கூச்சல் போடவில்லை. யூவன் தன் பூட்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிறகு அந்த அலுவலகத்துப் பெண், வர முடியாதவர்கள் இணையத்தில் பேசலாம், லண்டனிலிருந்து ஒருவர் காத்திருக்கிறார் என்றா. சுவரில் தொங்கிய திரையில் எங்கள் வீட்டுக் குசினி வந்தது. தமிழ்க் கடைக் கலண்டர் வந்தது. பிறகு நீர் வந்தீர். கம்சிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

டொக்டரிடம் போனால்கூடக் கம்சியைக் கதைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற ஆள் நீர். அன்றைக்கு ஒரு தாளும் கையில் இல்லாமல், தடக்காமல் இங்கிலீஷில் பேசினீர். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

"எங்கடை பிள்ளை அந்தத் தண்ணிக்குள்ளை கிடக்கிறான். நீங்கள் பூங்கா எண்டு சொல்லுறது எங்களுக்குச் சுடலை. சுடலையிலை ஆரும் படகு விட்டுப் பிக்னிக் வைப்பினமோ? இன்னும் எத்தினை தாய்மாரின்ரை பிள்ளையளைக் கூப்பிடப் போறியள்?" நீர் சொன்னதன் அர்த்தம் இதுதானே? அந்த மண்டபத்தில் இங்கிலீஷில் கேட்டாலும், எனக்கு நம் பாஷையில்தான் கேட்டது.

நீர் முடித்த பிறகு இரண்டு கிழவிகள் அழுதார்கள். எனக்குக் கை கொடுத்தார்கள், கலா. உமது வெற்றிக்கு எனக்குக் கை கொடுத்தார்கள்.

அடியைப் படம் எடுப்பார்கள் என்று நான் எழுதியிருந்தேன். தெரிந்துகொண்டுதானே செய்தீர்?

பாலேந்திரா


மோர்டன்
22 ஏப்ரல் 2025

சுஜி அப்பாவுக்கு,

ஓம். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

கம்சியிடம் லப்டொப்பைக் கேட்டபோது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அறையைத் திறந்து வெளியே வந்து, எனக்குப் பக்கத்தில் கமராவுக்குத் தெரியாமல் நிலத்தில் இருந்து, என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் தடக்காமல் பேசினேன்.

நீங்கள் எழும்பியதை நானும் பார்த்தேன். மண்டபத்தில் எல்லாரும் பொட்டுப் பொட்டாகத்தான் தெரிந்தார்கள், ஆனாலும் எழும்பிய ஆள் நீங்கள் என்று தெரிந்தது. மெலிந்துபோயிருக்கிறீர்கள். உடனே லப்டொப்பை மூடிவிடலாமா என்று இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேளுங்கள். அந்தத் திட்டம் விழுந்தால் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். அது ஒன்று. மற்றதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கருவி அவனைக் கண்டுபிடித்துவிடும் என்று எனக்குப் பயம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவன். எதை எடுப்பார்கள்? எதை என்னிடம் காட்டி, இது உன் மகன்தானா என்று கேட்பார்கள்? நான் ஓம் என்று சொல்ல வேண்டும், இல்லையா? நான் கெயார் ஹோமில் பிரேதம் கழுவியவள், எனக்கு இது தெரியும். போன அன்று காலையில் சீப்பால் தலை இழுக்காமல், பாண் துண்டைக் கடித்துக்கொண்டு "போட்டு வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினான். எனக்கு அந்த முகம் போதும். புல்லில் கட்டினால் அதற்கு முகம் இல்லை, நான் இந்த முகத்தை அதற்கு வைத்துக்கொள்வேன். முழுப் பிள்ளையாக அனுப்பிவைப்பேன்.

நீங்கள் தகப்பன், உங்களுக்கு எலும்பென்றாலும் வேண்டும். நான் தாய், எனக்கு வேண்டாம். யார் சரி என்று எனக்குத் தெரியாது. நீங்கள் என்னை மன்னிக்கவும் வேண்டாம். வாருங்கள், அது போதும்.

கலா


கின்டுவார்
9 ஜூன் 2025

கலாவதிக்கு,

முடிவு வந்துவிட்டது. டுவார் வாவியைப் பூங்காத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தெற்கே வேறு ஏதோ மலைப்பக்கத்தைப் பார்க்கப் போகிறார்களாம். அளப்பதும் இல்லை, படமும் இல்லை. அலுவலகத்துப் பெண் மேட்டில் ஏறி வந்து என்னிடம் நேரில் சொன்னா. நல்ல பிள்ளை. மன்னிப்புக் கேட்டா.

ஊரில் கொண்டாட்டம். யூவன் என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்திவிட்டார். டயனா ஜன்னல் அட்டையைச் சத்தமில்லாமல் கழற்றி அடுப்பில் போட்டா. அந்தச் சனம் என்னிடம் காட்டிய கவனத்தில் ஒரு பங்கை நீர் காட்டியிருக்கலாம்.

உமது ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தடவை தொடங்கினேன். முகம் போதும் என்று எழுதியிருந்தீர். எனக்கு முகம் வருவதில்லை, கலா. எனக்குக் குரல்தான் வருகிறது. கவிழ்ந்த நேரத்தில் அவன் "அப்பா" என்று கூப்பிட்டிருப்பான். சின்னதில் சைக்கிளால் விழுந்தாலும் அம்மா என்று கத்தாத பிள்ளை அவன், அப்பா என்றுதான் கத்துவான். அந்தக் கூப்பாட்டுக்கு நான் போகவில்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. கரையில் நின்றால் கொஞ்சம் குறைகிறது. லண்டனுக்கு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். இதுதான் நான் வராத காரணம். வேறு ஒரு பெரிய காரணமும் இல்லை.

இனி இந்தத் தண்ணீரில் அவனைத் தேட யாரும் வரமாட்டார்கள், என்னைத் தவிர. இங்கே இப்போது கோடை, ராத்திரியிலும் இருட்டுவதே இல்லை. பார்க்க வெளிச்சம் தாராளமாக இருக்கிறது.

எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

பாலேந்திரா


மோர்டன்
30 ஜூன் 2025

என்னுடைய இஞ்சாருங்கோ,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இன்வெர்னெஸ் ஆஸ்பத்திரி விலாசத்தை டயனா தந்தா. கம்சியின் போனுக்குத்தான் எடுத்தா. கம்சி போனைக் காதில் வைத்தபடி அப்படியே படியில் இருந்துவிட்டாள். படகு கவிழ்ந்தது என்று இரண்டாவது தடவையாக அந்த ஊரிலிருந்து இந்த வீட்டுக்குப் போன் வருகிறது, விளங்குகிறதா உங்களுக்கு?

விடியப்புறம் யூவனின் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனீர்களாம். நடுவாவியில் படகு கவிழ்ந்து கிடந்ததாம். யூவன் ஆடு பார்க்க வந்தபடியால் கண்டாராம். இல்லாவிட்டால்?

நான் பை கட்டிவிட்டேன். கம்சி டிக்கெட்டும் பார்த்துவிட்டாள். வரவேண்டாம் என்று நீங்கள் சொன்னதாக டயனா சொன்னா, நான் அந்தத் தண்ணீரைப் பார்க்கக் கூடாதாம். அழுதுகொண்டு சொன்னீர்களாம். அதனால்தான் நின்றேன். இன்னொரு கிழமை பார்ப்பேன், பிறகு யார் சொன்னாலும் நிற்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பொய் சொல்லாதீர்கள். அவனைத் தேடப் போனீர்களா, அல்லது அவனிடம் போகப் போனீர்களா?

நான் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்ததால்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆண்டவன்மேல் ஆணையாகத் தாங்குவேன். நீங்கள் அங்கே சாவதை மட்டும் தாங்கமாட்டேன். எனக்கு அழுது முடிக்கப் பிள்ளை ஒன்று ஏற்கெனவே இருக்கிறான். கம்சி சாப்பிடவில்லை. பதில் போடுங்கள். ஒரு வரி போதும். தயவுசெய்து.

கலா


இன்வெர்னெஸ்
7 ஜூலை 2025

என் கலாவுக்கு,

நீர் கேட்டதற்குச் சரியான பதில் எனக்கும் தெரியாது. தேடத்தான் போனேன். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கவில்லை. அவ்வளவுதான் உண்மை.

ஊரில் கிணற்றுக்குள் வாளி விழுந்தால் பாதாளக் கொக்கி போட்டுத் துழாவி எடுப்போம், ஞாபகமா? யூவனின் கொட்டகையில் கிடந்த இரும்பை வளைத்து அப்படி ஒன்று செய்தேன். படகில் இருந்த கயிறு முழுவதையும் அதில் முடிந்தேன். கிணற்றுக்குச் செய்கிற வேலையை மலை மூழ்கிற வாவிக்குச் செய்யலாம் என்று நம்பிப் போன விசரன் நான். நீர் சிரித்தாலும் சரி.

எங்கே போட்டாலும் கொக்கி அடியைத் தொடவில்லை. பிறகு ஒரு மேட்டில் பட்டிருக்க வேண்டும், கொழுவியது. இழுத்தேன். கனமாக, கொஞ்சம் அசைந்து, பின்னால் வந்தது. கலா, நான் "சுஜி, விடாதை, அப்பா இழுக்கிறன்" என்று சத்தம் போட்டேன். எழும்பி நின்று முழுப் பலத்தோடும் இழுத்தேன். படகு சரிந்தது.

இதற்குப் பிறகு எழுதுவதை இரண்டு தடவை வாசியும். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

தண்ணீரில் விழுந்தவுடன் குளிர் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. யூவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. ஒரு எழுத்துக்கூட வரவில்லை. இங்கே டொக்டரிடம் கேட்டேன். இந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் அப்படித்தான், கத்த ஏலாது, பெரும்பாலும் யோசிக்கவும் நேரம் இராது என்றார். செப்டெம்பரில் நடுவாவியிலும் இப்படித்தானா என்று கேட்டேன். இப்படித்தான் என்றார்.

அவன் என்னைக் கூப்பிடவில்லை, கலா. கூப்பிட அவனால் முடிந்திருக்காது. இத்தனை மாதமாக என் காதில் கேட்ட குரல் அவனுடையது இல்லை.

கவிழ்ந்த படகில் கை பட்டது, பிடித்துக்கொண்டேன். எப்படி என்று தெரியவில்லை. யூவன் பிறகு போய்ப் பார்த்தாராம். கொக்கியில் இருந்தது பழைய மரத்தின் வேர்.

நான் வருகிறேன். நீர் பேசியதைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் வேண்டாம். அது இல்லாவிட்டாலும் நான் அங்கேதான் இருந்திருப்பேன். ஐயரிடம் நாள் கேளும். சனிக்கிழமை, 19ஆம் திகதி, ரயில் எடுக்கிறேன். அதற்கு முன் கின்டுவாருக்குப் போய் என் சாமான்களை எடுக்க வேண்டும். டயனா கூட்டிப் போகிறா.

ஐயருக்கு ஒன்று சொல்லும். சடங்குக்காக உருவத்தைக் குட்டியாகக் கட்டிவிட வேண்டாம். சுஜி என்னைவிட உயரம். கொள்ளி வைக்கும்போது அது எனக்குத் தெரிய வேண்டும்.

சுஜி அப்பா


மோர்டன்
14 ஜூலை 2025

உங்களுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை அல்ல, எத்தனையோ தடவை வாசித்தேன். கம்சிக்குத் தமிழ் வாசிக்க வராது என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "அவன் கூப்பிடவில்லை" என்ற இடத்தில் அவள் என் வாயைப் பொத்திவிட்டாள். பிறகு தானே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

ஐயர் திங்கட்கிழமை, 21ஆம் திகதி என்று நாள் வைத்திருக்கிறார். உயரத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். ஷங்கர் விறகு வாங்கிவிட்டான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் உண்மையைச் சொன்னானாம். அவர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்று, தண்ணீர்க் குழாயோடு வேலிக்கரையில் காவல் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தர்ப்பையும் வந்துவிட்டது. குசினி மேசையில் கட்டாகக் கிடக்கிறது. போர்த்துவதற்கு அவனுடைய சட்டை ஒன்று கொண்டுவரச் சொன்னார் ஐயர். அந்த நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து அயர்ன் பண்ணினேன். பண்ணிக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அயர்னை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்.

என்னால் முடியவில்லை.

அவன் செத்துவிட்டான் என்று மார்ச்சிலேயே எழுதியவள் நான். தண்ணீருக்குக் காவல் இருக்கிறீர்கள் என்று உங்களைத் திட்டியவள், பூங்காவை விழுத்தியவள், ஐயரிடம் போய் நின்றவள். எனக்கு எங்கேயிருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நீங்கள் அங்கே நின்றீர்கள். நான் இங்கே இருந்துகொண்டு அவன் இல்லை இல்லை என்று சத்தம் போட, அவனுக்காக ஒரு ஆள் அங்கே நின்றுகொண்டே இருந்தார். ராத்திரியில் வீட்டில் ஒருவர் முழித்திருந்தால் மற்றவர் பயமில்லாமல் படுக்கலாம், அப்படித்தான் இருந்திருக்கிறேன். நீங்கள் வருகிறேன் என்று எழுதிய நாளிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஒருவரும் இல்லை.

பயப்படாதீர்கள். நாளை மாற்றச் சொல்லவில்லை. கிரியை நடக்க வேண்டும். கம்சிக்காக நடக்க வேண்டும், உங்களுக்காக நடக்க வேண்டும். நானும் வந்து நிற்பேன். நீங்கள் கொள்ளி வைக்கும்போது பின்னால் நின்று உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் சனிக்கிழமை ரயிலில் வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கம்சி டிக்கெட்டை மாற்றிவிட்டாள். சனிக்கிழமை முழுக்க அந்தக் கரையில் போய் இருங்கள். படகில் ஏற வேண்டாம், கையில் கயிறு எடுக்க வேண்டாம், டயனாவையோ யூவனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருந்து தண்ணீரைப் பாருங்கள்.

நான் ஒரு நாள்கூட அவனைத் தேடவில்லை. எனக்காக ஒரு நாள் தேடிவிட்டு வாருங்கள்.

கலா